மேல்பாதி, கீழ்ப்பாதி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரில் யாராவது சொல்லிவிடுவார்கள். சோற்றில் கை வைத்த பிறகு எழுந்து போய், ஷெட்டில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிப்பதற்குள் மூன்று தடவை வெளியே போய்ப் போன் பேசுவேன். பதினோராயிரம் முட்டைக்கோழியை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறவர் யாராவது இருந்தால் அவரை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மோட்டார் அரை மணி நேரம் நின்றால் போதும், ஐம்பது கோழி வாயைப் பிளந்துவிடும்.

எங்கள் பண்ணை பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில் இருக்கிறது. இரண்டு ஷெட், முன்னால் வீடு, வீட்டுக்கு ஒரு மாடி. இடம் என் அப்பா கொடுத்தது, பத்திரம் என் பெயரில். என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷுக்குப் போர்வெல் தொழில். சொந்தமாக ஒரு ரிக் வண்டி வைத்துக்கொண்டு தெலங்கானா, சத்தீஸ்கர் என்று சுற்றிக்கொண்டிருப்பார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவார், ஒவ்வொரு தடவையும் இருபது நாள் இருப்பார். பையன் தர்ஷன் ஹாஸ்டலில் படிக்கிறான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம் என்று காலண்டர் சொல்கிறது. ஒன்றாக இருந்த நாளைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறுமா என்பது சந்தேகம்.

மாடியில் போன வருஷம் குடிவந்தவள் மெர்லின். சேலத்துப் பெண், வயது முப்பதுதான் இருக்கும். அவள் புருஷன் ஜெரால்ட் ஒரு தீவனக் கம்பெனியில் கால்நடை டாக்டர். மெர்லின் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் சுற்றுலாக் கப்பலில் வேலை பார்த்தவள். வெள்ளைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து ஆட, இவள் நடுவில் நின்று சீட்டுப் போடுவாள். அவளுடைய அப்பா யாகப்பன், மகள் கப்பலில் கணக்கு எழுதுகிறாள் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முட்டை பொறுக்கி முடிந்ததும், ஷெட்டை ஒட்டிய ஆபீஸ் ரூமில் நானும் பக்கத்துப் பண்ணை அறிவுமதியும் ரம்மி போடுவது வழக்கம். அவளுடைய வீட்டுக்காரரும் ரிக்கில்தான் இருக்கிறார். ஒருநாள் மெர்லின் வந்து சேர்ந்தாள். இரண்டு வாரம் எங்கள் ரம்மியைப் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம், கப்பலில் ஆடுகிற ஆட்டம் ஒன்று சொல்லித் தரட்டுமா என்று கேட்டாள். போனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையெல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்ட பிறகு வந்த கோடை அது. பணம் வைக்கக் கூடாது என்று அறிவுமதி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விரிசல் விழுந்த முட்டை தினமும் எப்படியும் மூன்று அட்டை சேர்ந்துவிடும். ஆளுக்கு ஓர் அட்டை, முப்பது முட்டை, அதுதான் எங்கள் பந்தயம். ஜெயித்தவள் வீட்டில் ராத்திரி ஆம்லெட்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிப்பார்கள். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று என்று எடுத்து ஐந்து சேர்க்க வேண்டும். பெரிய ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பந்தயத்தில் பாதி; ஜோடியைவிட வரிசை பெரியது, வரிசையைவிட ஸ்பேடோ ஆர்ட்டினோ ஒரே ஜாதியில் ஐந்து பெரியது. எட்டைத் தாண்டாத, ஜோடி விழாத, ஆகச் சின்ன ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மீதிப் பாதி. நாங்கள் அதற்கு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஆஸ் இரண்டு பக்கத்துக்கும் செல்லும், அதனால் ஆஸுக்குத்தான் மரியாதை. ஒரே ஆளே மேலும் கீழும் அடித்தால் மொத்தமும் அவருக்கு.

முதல் மாதம் முழுக்க நான் தோற்றேன். அதற்குக் காரணம் என் தொழில். எங்கள் வியாபாரத்தில் நடு சைஸ் முட்டைதான் குலதெய்வம். பெரிய முட்டை அட்டையில் பிதுங்கி உடையும். சின்ன முட்டையை வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குவார். நடு சைஸ் மட்டும் கேட்ட நிமிஷத்தில் போய்விடும். பதினைந்து வருஷமாக அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று கையில் வந்தால் சந்தோஷமாக இருந்தது. அடக்கமான சீட்டு, எந்தப் பக்கமும் போகலாம் என்று நினைத்துக்கொண்டு முட்டையை அள்ளி வைப்பேன்.

"அக்கா, இதை விடக் குப்பை இந்த ஆட்டத்துல கிடையாது" என்றாள் மெர்லின். "மேல போனா ராஜா ராணி அடிக்கும். கீழ போனா ஆஸ், ரெண்டு அடிக்கும். நடுவுல இருக்கறதுக்கு இங்க எடமே இல்ல."

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனமெல்லாம் முதல் நாலு சீட்டில்தான் இருக்கிறது. ஆஸும் இரண்டும் சேர்ந்து வந்தால் முட்டை வைத்து உள்ளே போகலாம். கூடவே மூன்றும் இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஆஸுக்கு அதே ஜாதியில் இன்னொரு சீட்டு துணை இருந்தால் மேலேயும் கண் வைக்கலாம். நாலு சீட்டும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும். மூன்று சொந்தக்காரர்களும் ஒரு வழிப்போக்கனும் இருந்தால் அது மூன்று சீட்டுக் கைதான். பாதிக்கு ஆசைப்பட்டு உள்ளே போகவே கூடாது, இரண்டு பாதிக்கும் வழி தெரிந்தால்தான் போக வேண்டும். ஒருதடவை எனக்கும் அறிவுமதிக்கும் ஒரே கையில் ஆஸும் இரண்டும் வந்துவிட்டது. கீழ்ப்பாதியை இரண்டு பேரும் பங்குபோட்டு ஆளுக்குக் காலே கால். போட்ட முட்டைகூடத் திரும்பி வரவில்லை. அன்றைக்குத்தான் மெர்லின் சொன்னது எனக்கு உறைத்தது.

மற்ற சீட்டுகளை என்ன செய்வது என்று கேட்டேன். கவிழ்த்துவிட வேண்டும் என்றாள். பத்துக் கையில் ஏழு, எட்டு கவிழ்த்துவிட்டு அடுத்த கை வரும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது என்றதும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவள் சிரித்தாள். கவிழ்த்த பிறகு இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை, எழுந்து நடந்துவிட்டு வாருங்கள் என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஆட்டக்காரி ஆக்கியது. சீட்டைப் பார்ப்பேன், குப்பையென்றால் கவிழ்ப்பேன், எழுந்து ஷெட்டுக்குள் ஒரு நடை போய்த் தீவனத் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு மாதத்தில் செவ்வாய்க்கிழமை ஆம்லெட் என் வீட்டில்தான் என்று ஆகிவிட்டது. அறிவுமதிக்கு எரிச்சல். ஆட்டம் ஆடுகிறாயா, வாக்கிங் போகிறாயா என்று கேட்டாள்.

ஆனி பதினைந்தாம் தேதி வாக்கில் என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே பேச்சை எடுத்தார். இன்னொரு ரிக் வண்டி வாங்க வேண்டும். பண்ணை இடத்தை பேங்கில் அடமானம் வைக்க என் கையெழுத்து வேண்டும். நான் முடியாது என்றேன். போர்வெல் தொழிலில் ஷெட்டையும் காட்டையும் விட்டவர்களை எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்ட முடியும். அப்பா கொடுத்த இடத்தில் நான் ஒண்டியாக நின்று கட்டிய ஷெட் அது. கட்டும்போது அவர் எங்கேயோ ஒரு பாறையைக் குடைந்துகொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். காலையில் டீ குடிக்கும்போது ஒரு தடவை கேட்பார், ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை கேட்பார். நான் பதில் சொல்லிக்கொண்டே எழுந்து போய்விடுவேன்.

இப்படியே ஆனி முடிய வந்துவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள்; அப்புறம் ஆவணிதான். ஆவணியில் அவர் ஊரில் இருக்கமாட்டார். ஆனி கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாக வந்தது. மறுநாள் ஆடிப் பிறப்புக்கு வீட்டுக்கு வீடு தேங்காய் சுடுவார்கள், கடைவீதியில் அதற்குக் குச்சி விற்றுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு பேங்க் மூடுவதற்குள் கையெழுத்தானால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அன்று அறிவுமதி வரவில்லை, அவள் வீட்டில் விருந்தாளிகள். நானும் மெர்லினும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து சும்மா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தோம். காற்று வீசி அடித்தது. ஷெட் ஓரத்தில் கட்டியிருந்த படுதா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்ததில் கோழிகளும் மிரண்டு சத்தம் போட்டன. அவர் பேங்க் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். பேசிப் பேசித் தீரவில்லை, சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

அவருக்குத் தெரிந்தது மூணு சீட்டு. எங்கள் ஆட்டம் என்றால் சரி என்றேன். அதையே ஆடலாம் என்றார். இத்தனை நாளில் வாசலில் நின்று பார்த்தே பாதி கற்றுக்கொண்டிருந்தார், மீதியை மெர்லின் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தாள். ஒப்பந்தம் எளிமையானது. ஆளுக்கு முப்பது முட்டை. முப்பது கை ஆட வேண்டும். ஒவ்வொரு கைக்கும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆளுக்கு ஒரு முட்டை நடுவில் வைத்துவிட வேண்டும். கடைசியில் யாரிடம் முட்டை அதிகமோ அவர் சொன்னது நடக்கும். நான் தோற்றால் மூன்றரை மணிக்கு பேங்கில் கையெழுத்து. அவர் தோற்றால் ரிக் பேச்சை இனி எடுக்கவே கூடாது. நியாயம் பார்ப்பதற்கும் சீட்டுப் போடுவதற்கும் மெர்லின்.

மெர்லினுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில், வேண்டாம் அக்கா என்றாள். நான் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஜெயித்துவிட்ட மாதிரியே இருந்தது. ஏனென்றால் அவருடைய தொழில் புத்தி எனக்குத் தெரியும். போர் போடுகிறவர்கள் பாதியில் பைப்பை உருவமாட்டார்கள். ஐந்நூறு அடியில் புழுதி பறந்தாலும் இன்னும் ஐம்பது அடி போட்டுப் பார்க்கலாம் என்பார்கள். அந்த ஆள் ஒரு கையைக்கூடக் கவிழ்க்க மாட்டார், குப்பையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வருவார், நான் நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து ஒரே போடாகப் போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் கையில் எனக்கு ஒன்பது, ஒன்பது, ஜாக்கி, நாலு. கவிழ்த்தேன். நடுவில் இருந்த இரண்டு முட்டையும் அவருக்குப் போயிற்று. மெர்லின் சீட்டைக் கலைப்பதற்குள் எழுந்து ஷெட்டின் வாசல்வரை போய்விட்டு வந்தேன். இரண்டாவது கை எட்டு, பத்து, ராணி, மூன்று. கவிழ்த்தேன், எழுந்து படுதாக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது கையில் இரண்டு ராஜா வந்தது. துணைக்கு ஒன்றுமில்லை, பாதிக்குத்தான் வழி. அதையும் கவிழ்த்தேன்.

நான் நினைத்தது போலவேதான் அவர் ஆடினார். நான் உள்ளே இருந்த கை ஒவ்வொன்றிலும் கடைசிச் சீட்டு விரிகிறவரை அவரும் இருந்தார். முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, விரிசல் பெரிதாகாமல் மெதுவாக நடுவில் வைப்பார். நான் நடந்துவிட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் அதே நாற்காலியில், கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, நான் வருகிற வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நடுநடுவே ஏதாவது பேச்சுக் கொடுத்தார். பத்ராசலம் பக்கத்தில் ஓர் ஊரில் எழுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டபோது ஊரே வந்து குளித்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த சீட்டு வந்துவிட்டது. குப்பை. கவிழ்த்துவிட்டு எழுந்தேன். அந்தக் கதை பாதியில் நின்றது, நானும் திரும்பக் கேட்கவில்லை.

சீட்டு எனக்குச் சதி செய்தது. கைக்கு ஒரு முட்டையாக என் அட்டை காலியாகிக்கொண்டே வந்தது. மூன்று முறை உள்ளே போய் இரண்டு முறை பாதி கிடைத்தது, ஒரு முறை மொத்தமும் கிடைத்தது, அது போதவில்லை. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாது, காத்திருந்தே கரைந்துபோவீர்கள் என்று மெர்லின் ஒரு தடவை முணுமுணுத்தாள். சீட்டுப் போடுகிறவள் யோசனை சொல்லக் கூடாது என்று நான் எரிந்து விழுந்தேன். ஷெட்டுக்குள் நடக்கும்போது ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். எந்தத் தூணுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போயிற்று என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. இருபத்தாறு கை முடிந்தபோது என்னிடம் பதினெட்டு முட்டை, அவரிடம் நாற்பத்திரண்டு. மணி இரண்டே முக்கால்.

இருபத்தேழாவது கை. சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஸ்பேடு ஆஸ். ஆர்ட்டின் இரண்டு. ஸ்பேடு மூன்று. டைமண்ட் ராஜா. இரண்டு மாதமாக நான் காத்திருந்த கை. கீழே போக ஆஸும் இரண்டும், மேலே போக ஸ்பேடில் ஆஸும் மூன்றும். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து முட்டையை வைத்தேன். அவர் தம்முடைய சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐந்து முட்டையை வைத்தார்.

மெர்லின் மூன்று சீட்டை விரித்தாள். ஸ்பேடு ஏழு, ஸ்பேடு ஐந்து, கிளாவர் ராணி. இன்னும் ஒரு ஸ்பேடு வந்தால் மேல்பாதி எனக்கு, இன்னும் ஒரு சின்னச் சீட்டு வந்தால் கீழ்ப்பாதி எனக்கு. நாலு முட்டை வைத்தேன். அவரும் வைத்தார். நாலாவது சீட்டு டைமண்ட் ஆறு. கீழ்ப்பாதி என் கையில் வந்துவிட்டது. ஆஸ், இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு. அதைவிடச் சின்னது இப்போதைக்கு யாரிடமும் இருக்க முடியாது. என்னிடம் மிச்சமிருந்த எட்டு முட்டையையும் அட்டையோடு நடுவில் தள்ளினேன்.

அவர் உடனே வைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். காற்றுக்குப் படுதா அடித்துக்கொண்டது. இந்தக் கையை இங்கேயே கவிழ்த்தால் அவருக்கு முப்பதுக்குமேல் முட்டை மிச்சமிருக்கும், மீதி மூன்று கைக்கு அவர்தான் முன்னால் இருப்பார். அது மெர்லினுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எட்டு முட்டையை எண்ணி வைத்தார்.

கடைசிச் சீட்டு ஸ்பேடு ஜாக்கி.

என் சீட்டை விரித்துப் போட்டேன். ஐந்து ஸ்பேடு, ஆஸோடு, மேல்பாதி. கீழ்ப்பாதி ஏற்கெனவே என்னுடையது. அவரிடம் இரண்டு ராணி, ஒரு ஒன்பது, ஒரு எட்டு. ஐந்திலிருந்து ஒன்பதுவரை வரிசை சேர்ந்திருந்தது. ஆனால் ஐந்து ஸ்பேடு முன்னால் அது நிற்காது. கீழே அவருக்கு ஒன்றுமே இல்லை. முப்பத்தாறு முட்டையும் என் பக்கம் வந்தது. அவரிடம் இருபத்து நாலு. மீதி மூன்று கையையும் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் கவிழ்த்தேன். முப்பத்து மூன்றுக்கு இருபத்தேழு. எழுந்து நின்று கையைத் தட்டினேன், வெட்கமில்லாமல். ஷெட் பிழைத்தது என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் ஓடியது.

அவர் சட்டைப் பையிலிருந்து பேங்க் பாரத்தை எடுத்து நாலாகக் கிழித்து மேசைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையில் போட்டார். அந்தப் பேச்சு முடிந்தது என்றார். மெர்லின் சீட்டை அப்படியே போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் முகம் நன்றாக இல்லை.

ஜெயித்தவள் வாய் சும்மா இருக்குமா. போர் போடுகிற புத்தியை மேசைக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும் என்று கிண்டல் செய்தேன். எட்டு முட்டையைத் தள்ளினேனே, அப்போதாவது கவிழ்த்திருக்கலாமே, இரண்டு ராணியைப் பார்த்து மயங்கிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"நீ உள்ள வந்தாலே நல்ல சீட்டுன்னு எனக்குத் தெரியாதா, சத்யா?" என்றார். "ரெண்டு மணி நேரமா அதத்தான பாத்துட்டு இருக்கறேன்."

"அப்பறம் ஏனுங்க கடைசி வரைக்கும் வந்தீங்க?"

"நானு கவுத்திருந்தா அந்தக் கை அப்பவே முடிஞ்சிருக்கும். நீ எந்திரிச்சுப் போயிருப்பே."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். முப்பது கையில் இருபத்திரண்டு தடவை நான் எழுந்து போனதை எண்ணியிருக்கிறார். நான் உள்ளே இருந்த கையில் மட்டும்தான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேனாம். அதனால் அந்த ஆட்டங்களைக் கடைசிச் சீட்டுவரை இழுத்திருக்கிறார். கையில் என்ன சீட்டு என்று பார்த்து ஆடவில்லை.

நான் விடவில்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கவிழ்ப்பதும் காத்திருப்பதும்தான் இந்த ஆட்டத்தின் முறை, என்னைக் குறை சொல்ல வேண்டாம் என்றேன்.

"ஆட்டத்துக்கு அது மொறதான். நானு இல்லேங்கல" என்றார். "எதுக்க உக்காந்திருந்தது நாந்தான?"

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். இரண்டாவது வண்டி வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மேனேஜரைப் போட்டுவிட்டு, பரமத்தி வேலூரிலேயே ஆபீஸ் வைத்து உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தாராம். ஒரே வண்டி வைத்திருக்கிறவன் வண்டியோடுதான் போக வேண்டும். இரண்டு வண்டி இருந்தால் வீட்டிலிருந்து பார்க்கலாம். அறிவுமதி வீட்டுக்காரர் அடுத்த வருஷம் அப்படித்தான் செய்யப்போகிறார். இதைப் பதினைந்து நாளாக என்னிடம் சொல்லத்தான் பார்த்தாராம். கையெழுத்து என்ற வார்த்தையைத் தாண்டி அவர் போவதற்குள் நான் எழுந்து போயிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, இதை ஏன் முதல் வாக்கியமாகச் சொல்லவில்லை என்று. அழுகை வரவில்லை, என் உடம்பு அதற்கெல்லாம் நிற்காது. கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று ஐந்து. குப்பைக் கூடையைத் தூக்கி நாலு துண்டுக் காகிதத்தையும் பொறுக்கினேன். பேங்கில் வேறு பாரம் கேட்டால் தருவார்கள், வண்டியை எடுங்கள், நாலு மணிக்கு முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சாவியைத் தேடினேன். சாவி ஆணியில் இல்லை, ஜன்னல் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டேன்.

"நானு இப்பக் கையெழுத்தா கேட்டேன்?" என்றார் அவர் பின்னாலிருந்து. "வந்து உக்காரு, அம்மிணி."

அந்த நேரம் பார்த்து முட்டை லாரி வந்து கேட்டில் நின்று ஹாரன் அடித்தது. மூன்று மணி லாரி. நான் நின்று எண்ணாமல் ஓர் அட்டைகூட ஏற்ற விட்டதில்லை. வேலைக்காரச் சின்னான் ஷெட்டுக்குள்ளிருந்து, வண்டி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தான். இன்றைக்கு நீயே எண்ணி ஏற்று என்று பதிலுக்குச் சொன்னேன். அவனுக்கு நம்பிக்கையில்லை, இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். நான் திரும்பி வந்து அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் சந்தோஷமாகத்தான் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். தீவனத்தைப் பற்றிச் சொல்லலாம், மோட்டாரைப் பற்றிச் சொல்லலாம், தர்ஷன் ஹாஸ்டலைப் பற்றி நேற்றே சொல்லியாயிற்று. மேசைமேல் முட்டைகளும் சீட்டுகளும் கலைந்து கிடந்தன. பதினேழு வருஷத்துக்குப் பிறகு என் புருஷன் எதிரில் எழுந்து போக ஒரு காரணமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.